அச்சில் இல்லாத பதில்

நெதர்கோம்ப் ரொட்டிக்கடை,
அறுவடைத் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கெசையாவுக்கு,

அம்மா ஹன்னா சொல்லச் சொல்ல உன் தங்கை தபிதா எழுதும் கடிதம். இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குப் பசித்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். கனடாவில் நீயும் மாப்பிள்ளை ரூபனும் குட்டி ஜூடித்தும் அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர ஆண்டவரிடம் நான் இப்போது வேறெதுவும் கேட்பதில்லை. மைக்கூடு உறைந்துபோகிற குளிர் என்று நீ எழுதியதைத் தபிதா வாசித்ததும் உன் அப்பா எழுந்துபோய்ப் பெரிய அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டார், இங்கே அவர் சூடேறினால் அங்கே உனக்குக் கொஞ்சம் வந்து சேரும் என்பது போல. அவருக்கு இருமல் இன்னும் விடவில்லை. மாவுத் தூசிதான், வேறொன்றுமில்லை என்கிறார். கேட்டால் கோபம் வருகிறது, கோபம் வந்தால் இருமல் வருகிறது, அதனால் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். நீ அனுப்பிய கம்பளிக் கையுறை எனக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் மாவு பிசைகிறவளுக்குக் கையுறை எதற்கு, தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொண்டு எல்லோர் கண்ணிலும் படும்படி பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கிறேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் உனக்குப் புரியாது. இந்தக் கடையும் மாடி அறைகளும் உன் அப்பாவின் ஆயுள் உள்ளவரை மட்டும்தான் நமக்கு, பிறகு சொந்தக்காரர் கைக்குப் போய்விடும் என்பது நீ அறிந்ததே. சொந்தக்காரராக இருந்த பண்ணையார் லண்டனுக்கே போய்விடுவதென்று முடிவு செய்து இந்தத் தெருவை விற்றுவிட்டார். நம் வீட்டை வாங்கியது மாவு மில் பக்லர். ஆகவே உன் அப்பாவுக்கு ஒன்று ஆனால் நானும் தபிதாவும் இருப்பதா போவதா என்பது இனி அவர் வாயில் இருக்கிறது. வாங்கின கையோடு ஈஸ்டர் வாரத்தில் புது மேல்கோட்டு போட்டுக்கொண்டு வந்து, தபிதாவைத் தனக்குக் கட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, மனைவி போய் நாலு வருஷம், சமையல்காரி ஒருத்தியும் அந்த வீட்டில் நிற்பதில்லை. கெட்ட மனிதர் இல்லை, எடையில் கைவைக்க மாட்டார். பேச ஆரம்பித்தால் தன் முழங்கால் வலியைப் பற்றியே பேசுவார், அது ஒன்றுதான். தபிதாவுக்குப் பதினேழு இன்னும் முடியவில்லை. அறுவடைத் திருநாள் ஞாயிறு அன்று பதில் சொல்லுங்கள், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னிடம் மறைப்பானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடும் நிலைத்தது, பெண்ணும் கரையேறினாள் என்று அந்தச் சந்தோஷத்தில் மாவில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன், அன்றைக்கு ஊரே குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. உன் அப்பாவைக் கேட்டால் நீ பாத்துக்கோ ஹன்னா என்றார், அவர் என்றைக்கும் சொல்வதுதான். தபிதாவைக் கேட்டேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தைப் பெருக்கப் போய்விட்டாள். மறுபடி கேட்டபோது மறுபடியும் பெருக்கினாள். நம் முற்றம் அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பேசாத பெண்ணிடம் அதுதான் வசதி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி கதை வாசிக்கும் விஷயம். நீ இருந்தபோது இந்த வழக்கம் கிடையாது. லண்டனிலிருந்து மாதம் ஒருமுறை பச்சை அட்டை போட்டு ஒரு தொடர்கதை வருகிறது, அது வந்த சனிக்கிழமை சாயங்காலம் ரொட்டி எல்லாம் இறக்கிய பிறகு ஊர் ஜனங்கள் நம் கடைக்குள் பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கதையும் இலவசம், அடுப்புச் சூடும் இலவசம். புத்தகத்துக்குப் பணம் கொடுப்பவர் பக்லர், எழுத்துத் தெரியாவிட்டாலும் கதை என்றால் அவருக்கு உயிர். முதலில் பள்ளிக்கூட வாத்தியார் ஹென்லிதான் வாசித்தார், நன்றாகத்தான் வாசித்தார். பிறகு டார்செஸ்டருக்குப் போய்ப் புதுப் பல் கட்டிக்கொண்டு வந்தார், அதிலிருந்து ச என்ற எழுத்து வந்தால் விசில் அடிக்கிறது. கதையில் வருகிற பணக்காரக் கிழவரின் பெயரோ சர் சைலஸ். அவர் பெயர் வரும்போதெல்லாம் கொல்லர் ஹூப்பரின் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாத்தியார் முன்னால் வந்து நிற்கும். துக்கமான இடத்தில் எல்லோரும் சிரித்துவிட, வாத்தியார் இனி வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு யாருக்கு எழுத்துத் தெரியும் என்று பார்த்தால் நம் தபிதாதான். நீ கப்பலேறிய வருஷம் கடை வேலைக்கு ஆள் இல்லாமல் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோமே, இருந்தாலும் படித்தது மறக்கவில்லை. மாட்டேன் என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியாதே, அதனால் ஒப்புக்கொண்டாள். முதல் மாதம் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டுதான் வாசித்தாள். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். அந்தக் குரலைக் கேட்டு நானே அசந்துபோனேன். எனக்குப் பிறந்த பெண்ணுக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் நான் அவளைத் தட்டுக் கழுவ வைத்திருக்கிறேன். (இந்த இடத்தை எழுதமாட்டேன் என்று தபிதா பேனாவை வைத்துவிட்டாள். எழுதடி என்று சொல்லி எழுத வைத்தேன்.)

கதை என்னவென்றால், லாவினியா என்று ஒரு அநாதைப் பெண், அத்தை வளர்க்கிறாள். அத்தையின் வீடு சர் சைலஸ் என்ற கிழவர் கையில் இருக்கிறது. என்னைக் கட்டிக்கொள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் தெருவுக்குப் போங்கள் என்கிறார். அவளுக்குப் பிடித்த கப்பல் டாக்டர் ஒருவன் கடலில் போனவன் போனவன்தான். அதோடு அந்த மாளிகையில் பூட்டிய அறை ஒன்று, காணாமல் போன உயில் ஒன்று. லண்டனில் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு அநாதை, ஒரு பூட்டு, ஒரு உயில், ஒரு கப்பல், இந்த நாலும் இல்லாமல் பேனாவைத் தொடக் கூடாது என்று சட்டம் இருக்கும்போல என்கிறார் உன் அப்பா. ஆனால் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு அழுவதும் அவர்தான். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சர் சைலஸை எல்லோரையும்விட அதிகமாகத் திட்டுகிறவர் பக்லர். முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கெழட்டு நரிக்கு இந்த வயசுல கல்யாண ஆசையப் பாரேன், என்று தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார், அடி தவறி வலிக்கிற முழங்காலில் விழும், ஐயோ என்பார். அறை முழுக்க உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொல்லர் மனைவி பாலி ஹூப்பர் என் காதில், ஏண்டி ஹன்னா, இந்த மனுசன் வீட்ல கண்ணாடியே கெடையாதா, என்றாள். அவர் கொடுக்கும் மாவில் ரொட்டி சுடுகிறவள் நான் எப்படிச் சிரிப்பது. இருமுவது போல இருமிச் சமாளித்தேன்.

போன சனிக்கிழமை கடைசி பாகம் வந்தது. மறுநாள் பக்லருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள், நான் ஆமாம் என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன், சொல்லும்போது எந்தத் தொப்பி போட்டுக்கொள்வது என்பது உட்பட. கடைக்குள் நிற்க இடமில்லை. சர் சைலஸ் தோட்டத்தில் லாவினியாவை மறித்து, இப்போதே பதில் சொல் என்று நிற்கிறார். இந்த இடத்தில் தபிதா நிறுத்திவிட்டாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னாச்சு தபிதா, பக்கம் ஒட்டிக்கிச்சா, என்றார் கொல்லர். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். லாவினியா சொன்னதாக அவள் வாசித்தது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “ஐயா, உங்கள் வீடு பெரியது, உங்கள் மனமும் கெட்டதில்லை. ஆனால் நீங்கள் ஒரு அறைக்குள் வந்தால் அந்த அறையிலிருந்து வெளியே போக எனக்கு எங்கே வழி என்றுதான் என் கண் தேடுகிறது. அப்படித் தேடுகிறவளை மனைவியாக வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன சுகம்? உங்கள் கோட்டுத் தோளில் இருக்கும் மாவைத் தட்டிவிடக்கூட எனக்குக் கை வராது.” என்று வாசித்தாள். உடனே கொல்லர், இரு இரு, சர் சைலஸ் மேல மாவு எப்பிடி வந்துச்சு, என்று கேட்டார். தபிதா காது வரை சிவந்துபோய், அது, தலைக்குப் போடுற பவுடர், பழைய காலத்து ஆளு, என்றாள். ஆமா ஆமா, எங்க தாத்தாவும் போடுவாரு, மேல படிம்மா, நடுவுல பேசாதய்யா, என்று பக்லர் கொல்லரை அதட்டினார். பிறகு லாவினியாவும் அத்தையும் கையைக் கோத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்கள், முற்றும் என்று புத்தகத்தை மூடிவிட்டாள். எங்க போனாங்க, என்று பக்லர் கேட்டார், அவர் கண்ணில் தண்ணீர். அது எழுதல, என்றாள். சபாஷ், அதான் பொண்ணு, என்று சொல்லி எல்லோரிடமும் கை குலுக்கினார், ஏதோ தானே பெற்ற பெண் போல. எனக்கு எழுத்துத் தெரியாது கெசையா, ஆனால் தாள் புரட்டுவது தெரியும். நிறுத்திய இடத்திலிருந்து முற்றும் வரை அவள் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை.

மறுநாள் காலை தேவாலய வாசலில் பாதிரியாரின் மனைவி மிஸஸ் ஃபேன்ஷா, தன் வீட்டுக்கும் அந்தப் புத்தகம் வருகிறது என்ற பெருமையில் எல்லோரையும் நிறுத்தி, லாவினியா அத்தைக்காகச் சர் சைலஸையே கட்டிக்கொண்டது எவ்வளவு பெரிய தியாகம் என்றார். ஊர் திகைத்துப் போயிற்று. கட்டிக்கிட்டாளா, என்றாள் பாலி. கட்டிக்கொண்டாள், நாலாவது பக்கத்தில் கிழவர் மாரடைப்பில் போய்விடுகிறார், சொத்தெல்லாம் அவளுக்கு, டாக்டர் தீவிலிருந்து திரும்பி வந்து அவளை மணக்கிறான், அழகான முடிவு என்றார் மிஸஸ் ஃபேன்ஷா. பக்லருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. தொப்பியைக் கழற்றி மரியாதையாகத்தான் சொன்னார், மன்னிக்கணும் அம்மா, உங்க புஸ்தகத்துல அச்சடிச்சவன் தப்பா அடிச்சிருக்கான், எங்க லாவினியா அப்பிடிப்பட்ட பொண்ணு இல்ல, என்றார். கொல்லரும் ஆமாம் என்றார். ஊரே ஆமாம் என்றது. மிஸஸ் ஃபேன்ஷா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார், மழையே இல்லை.

நான் தபிதாவைக் கையைப் பிடித்து ஓடைப் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கத்துல நெசமா என்னடி இருந்துச்சு, என்று கேட்டேன். சரின்னு சொல்லிட்டாம்மா, என்றாள். அப்ப நீ ஏன் மாத்திப் படிச்ச, என்றேன். ஓடையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டாள். பிறகு, படிக்கத்தாம்மா பாத்தேன், வாய் வரல, என்றாள். எனக்குக் கோபம் வரவேண்டியது, வரவில்லை. வீடு வரைக்கும் நடந்துகொண்டே யோசித்தேன். கதையில் வருகிற கிழவர்கள் நல்லவர்கள், கல்யாணமான நாலாவது பக்கத்தில் கண்ணை மூடிவிடுகிறார்கள். நெதர்கோம்ப் மில்காரர்கள் அப்படி இல்லை. பக்லரின் அப்பா தொண்ணூறு வயதில் ஆப்பிள் மரத்தில் ஏறினார். தாத்தா அதற்கும் மேல். என் பெண் வழி தேடிக்கொண்டே நாற்பது வருஷம் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் ஒருவனும் வரப்போவதில்லை, இந்தப் பக்கம் தீவே கிடையாது.

ஞாயிறு மதியம் வழக்கம் போல ஊர்க்காரர்கள் அவரவர் சட்டிகளை எடுத்துப்போக வந்தார்கள். காலையில் ஆராதனைக்குப் போகும்போது நம் அடுப்பில் வைத்துவிட்டுப் போகிற கறி எல்லாம் வெந்து நின்றது. கடைசியாகப் பக்லர் வந்தார். அவருடைய ஆட்டுத் தொடை உருளைக்கிழங்கோடு உள்ளே இருந்தது. பாலியும் கொல்லரும் தங்கள் சட்டியை எடுத்தபிறகும் போகாமல், சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று வாசலில் நின்றுகொண்டார்கள். பக்லர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, சரி மிஸஸ் ஸ்டிக்லண்ட், இன்னைக்குத்தான் நாள், என்ன முடிவு பண்ணினீங்க, என்று கேட்டார். உன் அப்பா மாவுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தபிதா ரொட்டி இறக்குகிற நீளத் துடுப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அடுப்பு வாயருகே நின்றாள். என் வாயில் ஆறு மாதமாகத் தயாராக இருந்த ஆமாம் வரவில்லை கெசையா. அதற்குப் பதிலாக, மிஸ்டர் பக்லர், லாவினியா செஞ்சது சரிதானா, என்று கேட்டேன். நூத்துக்கு நூறு சரி, அதுல என்ன சந்தேகம், என்றார். அப்படின்னா எங்க வீட்டுப் பதிலும் அதுதான், என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. மில் சக்கரத்தில் தண்ணீர் விழுந்து அது சுற்ற ஆரம்பிப்பதுபோல மெதுவாக முகம் மாறியது. அந்தக் கெழவன்... நானா, என்றார். அவனுக்குப் பல்லே இல்ல, எனக்கு எல்லாம் இருக்கு, என்று கொல்லரைப் பார்த்துச் சொன்னார். கொல்லர் அதை மறுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, அவன் வீட்டக் காட்டி மிரட்டுனான், நான் என்னைக்காச்சும் வீட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசினேனா, என்று கேட்டார். இல்ல மிஸ்டர் பக்லர், நீங்க மிரட்டல, நாங்களாத்தான் மிரண்டோம், என்றேன். அது உண்மை. சிறிது நேரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் பிடிவாதம் வந்துவிட்டது. இது நீங்க சொல்ற பதில், லாவினியாவுக்கு அவ அத்தையா பதில் சொன்னா, தபிதா சொல்லட்டும், அவ வாயால கேட்டுட்டுப் போறேன், என்றார். இவள் துடைப்பத்தைத் தேடப் போகிறாள் என்றே நினைத்தேன். வாசிக்கத் தாளும் இல்லை, ஒளிந்துகொள்ள மூட்டையும் பக்கத்தில் இல்லை. தபிதா துடுப்பைக் கீழே ஊன்றிக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்து, வேண்டாம் மிஸ்டர் பக்லர், என்றாள். தெளிவாக, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. அவ்வளவுதானா, நேத்து அவ எவ்வளவு அழகா நிறையச் சொன்னா, என்றார் அவர், பாவம், ஏமாந்துபோய். நேத்து நேரம் இருந்துச்சு, இப்ப உங்க ஆட்டுத்தொடை கருகுது, என்றாள்.

கருகித்தான் போயிருந்தது. ஒரு பக்கம் கரி. தபிதா அதைத் துடுப்பால் வெளியே இழுத்து, துணி சுற்றி அவர் கையில் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். வாசல் வரை போய்விட்டு உன் அப்பா பக்கம் திரும்பி, ஈனோக், உனக்கு அப்புறமும் இவங்க இங்கயே இருக்கட்டும், வாடகைய ஒழுங்காக் குடுத்தாப் போதும், நான் சர் சைலஸ் இல்ல, என்று உரக்கச் சொன்னார். பாலியும் கொல்லரும் கேட்டார்கள், அதனால் இந்நேரம் மாவட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும், மனிதர் பின்வாங்க முடியாது. கோபத்தில் சொன்னதா, நல்ல மனதில் சொன்னதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எப்படியிருந்தாலும் நேற்று மாவு வழக்கமான நேரத்துக்கு வந்தது, எடையும் சரி.

உன் அப்பா அன்று சாயங்காலம் தபிதாவின் தலையில் கை வைத்து நின்றார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன், வீட்டுக்காக இல்லை, எதற்கென்று எனக்கே தெரியவில்லை. உனக்கும் ஒன்று சொல்கிறேன். ரூபன் உன்னைக் கேட்டு வந்தபோது நீ உடனே ஆமாம் என்றாய், அந்த ஆமாமை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை. இப்போது எண்ணுகிறேன். ஜூடித் பேச ஆரம்பித்ததும் முதலில் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடு, மற்ற வார்த்தைகள் தானாக வரும். குழந்தையை அடுப்புப் பக்கம் விடாதே, மரம் வெட்டப் போகும்போது மாப்பிள்ளை கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளட்டும், பனியில் ஈரக் காலுறையோடு உட்காராதே. உங்கள் ஊர்க் கடையில் அந்தப் பச்சை அட்டைக் கதை வந்திருந்தால் வாங்கிப் படி, கடைசி பாகத்தை மட்டும் வாங்காதே, அதில் அச்சுப் பிழை இருக்கிறது.

ஆண்டவர் உன் கூரைமேல் பனியைக் குறைவாகவும் உன் மேசைமேல் ரொட்டியை நிறைவாகவும் வைக்கட்டும். அப்பாவின் ஆசியும் இதோடு வருகிறது, அவர் இப்போது தூங்குகிறார், இருமாமல் தூங்குகிறார்.

உன் அம்மா
ஹன்னா ஸ்டிக்லண்ட்
× இது என் கையால் போட்ட குறி

எழுதியது தபிதா. அம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறேன், அக்கா.